மாத்திரை வாங்கும் முன் ரத்தக்குழாயைப் பாருங்கள்: விறைப்புக் கோளாறு பற்றிக் கொஞ்சம் விளக்கமாக

ஆணுறுப்புக்குள் போகிற ரத்தக்குழாயின் அகலம் ஒன்றிலிருந்து இரண்டு மில்லிமீட்டர்தான். இதயத் தசைக்கு ரத்தம் கொடுக்கிற குழாய் மூன்றிலிருந்து நான்கு மில்லிமீட்டர் இருக்கும். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு, கெட்ட கொழுப்பு, பீடி சிகரெட் எல்லாம் உடம்பில் ஏதோ ஒரு இடத்தை மட்டும் தேடிப் போய்த் தாக்குவதில்லை, எல்லாக் குழாய்களின் உட்சுவரையும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே நேரத்தில் கெடுக்கின்றன. ஆனால் கோளாறு முதலில் வெளியே தெரிவது சின்னக் குழாயில். அதனால்தான் 45 வயதில் ஒருவருக்கு விறைப்பு குறைய ஆரம்பித்து, இரண்டு மூன்று வருடம் கழித்து அதே ஆளுக்கு நெஞ்சுவலி வருகிறது. இரண்டும் தனித்தனி சங்கதி என்று அவரும் நினைப்பார், வீட்டிலும் நினைப்பார்கள். ஒரே நோயின் முதல் அத்தியாயமும் இரண்டாவது அத்தியாயமும்தான் அவை.

எல்லாருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் சர்க்கரையோ பிரஷரோ இருக்கிற, அல்லது இருப்பதே தெரியாத, நாற்பது தாண்டிய ஆணுக்கு விறைப்பு சரியாக வரவில்லை என்றால் அது உடம்பு கொடுக்கிற முன்னறிவிப்பாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, அதைப் படிக்க இரண்டு மூன்று வருட அவகாசமும் கிடைக்கிறது. அந்த அவகாசத்தை நம் ஆட்கள் வெட்கத்திலும், லாட்ஜ் வைத்தியரிடமும், டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கும் மாத்திரையிலும் தொலைத்துவிடுகிறார்கள். மெடிக்கல் ஷாப் கவுண்டருக்குப் பின்னால் நின்று பல வருடமாக இதைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் எழுதுகிறேன்.

முதலில் எது இந்தக் கோளாறு, எது இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். என்றோ ஒருநாள் வேலை அலுப்பிலோ, குடித்திருந்தபோதோ, மனசு சரியில்லாதபோதோ விறைப்பு வராமல் போவது நோய் இல்லை. எந்த வயதிலும், யாருக்கும் நடக்கும். உறவுக்குப் போதுமான விறைப்பு வராமலோ, வந்தும் நிற்காமலோ, குறைந்தது மூன்று மாதமாவது தொடர்ந்தால்தான் மருத்துவர்கள் இதை விறைப்புக் கோளாறு என்பார்கள். சீக்கிரம் விந்து வெளியேறுவது வேறு பிரச்சினை. ஆசையே இல்லாமல் போவது வேறு. குழந்தை இல்லாமல் இருப்பது அதைவிட வேறு, விந்தணு எண்ணிக்கை குறைவாக இருக்கிற ஆணுக்கு விறைப்பு அருமையாக இருக்கலாம், விறைப்பே வராதவருக்கு விந்தணு நன்றாக இருக்கலாம். இவை அத்தனையையும் ஒரே மூட்டையாகக் கட்டி "ஆண்மைக் குறைவு" என்று சுவரில் எழுதி வைத்திருப்பதால், எது தனக்கு இருக்கிறது என்றே பலருக்குத் தெரியாமல் போகிறது.

சரி, விறைப்பு எப்படி வருகிறது? ஆணுறுப்பில் எலும்பும் இல்லை, விறைப்பை உண்டாக்குகிற இழுதசையும் இல்லை. உள்ளே நீளவாக்கில் இரண்டு பஞ்சுத் திசு அறைகள். சாதாரண நேரத்தில் அந்த அறைகளின் மென்தசை இறுகி இருப்பதால் ரத்தம் குறைவாகத்தான் உள்ளே போகும். ஆசை வந்ததும் மூளையிலிருந்து தண்டுவடம் வழியாக நரம்புக்குச் செய்தி போகிறது, நரம்பு முனையும் ரத்தக்குழாயின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை விடுகின்றன, அது தசைக்குள் சைக்ளிக் ஜிஎம்பி என்ற பொருளைக் கூட்டுகிறது, தசை தளர்கிறது, ரத்தம் பாய்கிறது. அறைகள் உப்பும்போது, ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் சிரைகள் மேலுறைக்கு அடியில் நசுங்கி அடைபட்டுவிடும். வயலின் வாய்மடையைத் திறந்துவிட்டு வடிகாலை அடைத்தால் தண்ணீர் கட்டி நிற்கும் அல்லவா, அந்த மாதிரி. வேலை முடிந்ததும் பிடிஇ5 என்ற நொதி அந்த ஜிஎம்பியைச் சிதைக்கும், தசை மறுபடி இறுகும், ரத்தம் வடிந்துவிடும்.

நைட்ரிக் ஆக்சைடு என்ற அந்தச் சாதாரண வாயு உடம்புக்குள் செய்தி சொல்கிறது என்று கண்டுபிடித்ததற்காகத்தான் 1998இல் ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கொடுத்தார்கள். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், மேலே சொன்ன சங்கிலியில் மூளை, தண்டுவடம், நரம்பு, ரத்தக்குழாய் உட்சுவர், தசை, ஹார்மோன் என்று எந்தக் கண்ணி அறுந்தாலும் விறைப்பு வராது. எல்லாருக்கும் ஒரே காரணம் கிடையாது. ஆகவே எல்லாருக்கும் ஒரே லேகியமும் கிடையாது.

சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை வெளிநாட்டு டாக்டர்களே இதைப் பெரும்பாலும் மனசு சம்பந்தப்பட்ட பிரச்சினையாகத்தான் பார்த்தார்கள். அந்த நினைப்பை உடைத்ததில் ஒரு விசித்திரமான சம்பவத்துக்கும் பங்கு உண்டு. 1983இல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் சிறுநீரகவியல் மருத்துவர்கள் கூட்டம். ஜைல்ஸ் பிரிண்ட்லி என்ற பிரிட்டிஷ் உடலியல் அறிஞர், வயது ஐம்பதுக்கு மேல், பேச வந்தார். ரத்தக்குழாயைத் தளர்த்தும் மருந்தைத் தன் ஆணுறுப்பிலேயே ஊசியால் போட்டுக்கொண்டு அதன் விளைவைப் படமெடுத்துக் காட்டினார், அத்தோடு விடாமல் அரங்குக்கு வரும் முன்பு ஓட்டல் அறையிலேயே ஒரு ஊசி போட்டுக்கொண்டு வந்ததாகச் சொல்லி, கூட்டத்தின் முன்னாலேயே அதைக் காட்டினார். ஒரு கூட்டத்தில் உரை ஆற்றுவது யாருக்கும் கிளர்ச்சி தருகிற வேலை இல்லை, ஆகவே இது மருந்தின் வேலை மட்டுமே என்பதுதான் அவர் வாதம். அரங்கம் அதிர்ந்து போனது. ஆனால் விஷயம் நிரூபணமாகிவிட்டது: மனசில் எந்த எழுச்சியும் இல்லாமல், ரத்தக்குழாயும் தசையும் தளர்ந்தாலே விறைப்பு வரும். அதற்கு முந்தின வருடம் பிரான்சில் ரொனால்ட் விராக் என்ற அறுவை மருத்துவரும் பாப்பாவெரின் என்ற மருந்தை வைத்து இதையே காட்டியிருந்தார்.

அப்புறம் வந்ததுதான் எல்லாருக்கும் தெரிந்த மாத்திரை. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் சாண்ட்விச் என்ற ஊரில் ஃபைசர் கம்பெனியின் ஆய்வகத்தில் நெஞ்சுவலிக்காகச் செய்த மருந்து சில்டெனாஃபில். நெஞ்சுவலிக்குப் பெரிதாகக் கேட்கவில்லை, ஆனால் சோதனையில் கலந்துகொண்ட ஆண்கள் வேறொரு விளைவைச் சொன்னார்கள். பிடிஇ5 நொதியை அது அடக்கிவைக்கிறது என்பதால் ஜிஎம்பி சீக்கிரம் சிதையாமல் நிற்கிறது, விறைப்பும் நிற்கிறது. 1998 மார்ச் 27 அன்று அமெரிக்காவில் வயாக்ரா என்ற பெயரில் அனுமதி கிடைத்தது. அன்றைக்கு இந்தியாவில் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை தரும் சட்டம் நடைமுறையில் இல்லை, அது 2005இல்தான் வந்தது, ஆகவே நம் கம்பெனிகள் சீக்கிரமே அதே மருந்தைச் சொந்தப் பெயர்களில் மலிவாகச் செய்துவிட்டன. மலிவானது நல்லதுதான். ஆனால் டாக்டரைப் பார்க்காமலேயே கிடைக்கும் அளவுக்கு எளிதாகவும் ஆகிவிட்டது.

கவுண்டரில் நடப்பதைச் சொல்கிறேன். ஒருவர் வருவார், முதலில் ஒரு தலைவலி மாத்திரை கேட்பார், பக்கத்தில் ஒரு பெண் நின்றால் அவர் போகும்வரை ஷாம்பூ பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து வெட்டின பழைய ஸ்ட்ரிப்பை எடுத்துக் காட்டுவார், அல்லது போனில் ஒரு போட்டோ. "ஃபிரெண்டுக்கு" என்பார். சீட்டு இருக்கா என்றால் முகம் மாறும். இது ஷெட்யூல் எச் மருந்து, சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கிற கடைகள் இருக்கின்றன என்பது ஊருக்கே தெரியும். என்னிடம் சீட்டு கேட்டுத் திரும்பிப் போனவர் அடுத்த தெருவில் வாங்கியிருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். நான் கவலைப்படுவது ஒழுக்கத்துக்காக இல்லை. அவரிடம் யாரும் ஒரு கேள்விகூடக் கேட்டிருக்க மாட்டார்கள்: நெஞ்சுவலிக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை வைத்திருக்கிறீர்களா?

இந்த ஒரு கேள்வி உயிர்ச் சமாச்சாரம். சார்பிட்ரேட் மாதிரியான நைட்ரேட் மருந்துகள் நைட்ரிக் ஆக்சைடு வழியாகவே ரத்தக்குழாயைத் தளர்த்துகின்றன. சில்டெனாஃபிலும் அதே பாதையில் வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தால் பிரஷர் தலைகுப்புற விழும், ஆள் மயங்கி விழலாம், செத்தும் போகலாம். சில்டெனாஃபில் எடுத்து 24 மணி நேரத்துக்குள், அதே வகையில் இன்னொரு மாத்திரையான டாடாலாஃபில் எடுத்து 48 மணி நேரத்துக்குள் நைட்ரேட் தரக்கூடாது. ராத்திரி நெஞ்சுவலியோடு ஆஸ்பத்திரிக்கு வருகிற ஆள், கூட மனைவியும் மகனும் நிற்கும்போது, மாத்திரை போட்டேன் என்று வாய் திறந்து சொல்வாரா? சொல்ல வேண்டும். சொல்ல வெட்கமாக இருந்தால் டாக்டரிடம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். புராஸ்டேட் வீக்கத்துக்குத் தரும் டாம்சுலோசின் மாதிரியான மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் பிரஷர் இறங்கும் ஆபத்து உண்டு, அவர்களுக்கு டாக்டர் குறைந்த அளவில்தான் ஆரம்பிப்பார்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். ஒரு அம்மா கைக்குழந்தையோடு சீட்டை நீட்டுகிறார், அதில் சில்டெனாஃபில். வரிசையில் பின்னால் நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். நுரையீரலுக்குப் போகும் குழாயில் ரத்த அழுத்தம் கூடிப்போன நோய்க்கும் இதே மருந்தைத் தருவார்கள், பெண்களுக்கும் தருவார்கள், பிஞ்சுக் குழந்தைக்கும் தருவார்கள். அந்த அம்மாவின் முகம் சுருங்கியது எனக்கு ஆறவே இல்லை. ரத்தக்குழாய் மருந்து என்ற ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தால் அந்தச் சிரிப்பு வந்திருக்காது.

சர்க்கரைக்கு வருவோம், நம் ஊருக்கு அதுதான் பெரிய கதை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வு 2023இல் வந்தது, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு என்றது. சர்க்கரை உள்ள ஆணுக்கு விறைப்புக் கோளாறு வரும் வாய்ப்பு இல்லாதவரைவிடச் சுமார் மூன்று மடங்கு. வயதும் முந்திக்கொள்ளும், மற்றவர்களுக்கு ஐம்பத்தைந்தில் வருவது இவர்களுக்கு நாற்பத்தைந்திலேயே வந்துவிடலாம். காரணம், சர்க்கரை இரண்டு பக்கமும் அடிக்கிறது. குழாயின் உட்சுவரைக் கெடுத்து நைட்ரிக் ஆக்சைடு சுரப்பதைக் குறைக்கிறது, கூடவே நரம்பையும் அரிக்கிறது. காலில் மதமதப்பு, பாதத்தில் எரிச்சல் என்று டாக்டரிடம் கூசாமல் சொல்கிறோமே, அதே நரம்புக் கோளாறுதான் இடுப்புக்குக் கீழே இன்னொரு இடத்திலும் நடக்கிறது. இரண்டு பக்கமும் அடிபட்டிருப்பதால்தான் சர்க்கரைக்காரர்களுக்கு மாத்திரை மற்றவர்களுக்குக் கேட்கிற அளவுக்குக் கேட்பதில்லை. செய்தி கொண்டுவரும் நரம்பே பழுதான பிறகு, வராத செய்தியை மாத்திரை எப்படி நிறுத்தி வைக்கும்?

சர்க்கரை இருப்பதே தெரியாமல், விறைப்புக்காக டாக்டரிடம் போய், ரத்தம் எடுத்துப் பார்த்தபோது இருநூற்றைம்பது காட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கண்டுபிடிக்கப்பட்டவர் அதிர்ஷ்டசாலி என்பேன். கண்ணும் கிட்னியும் கெடுவதற்கு முன் பிடித்தாயிற்று. அதே ஆள் மாத்திரை மட்டும் வாங்கிப் போட்டிருந்தால் விறைப்பு கொஞ்ச நாள் வந்திருக்கும், சர்க்கரை பாட்டுக்கு ஏறிக்கொண்டிருக்கும்.

பிரஷருக்கும் இதே கணக்கு, ஆனால் அங்கே ஒரு சிக்கல் கூடுதல். பிரஷரும் விறைப்பைக் கெடுக்கும், பிரஷருக்குத் தரும் சில மாத்திரைகளும் கெடுக்கும். நீர் போக வைக்கிற தையசைடு வகையும், பழைய பீட்டா பிளாக்கர் சிலவும் அப்படி. மனச்சோர்வுக்குத் தரும் மாத்திரைகள், மனநோய்க்குத் தரும் சில மருந்துகள், முடி கொட்டுவதற்குத் தரும் ஃபினாஸ்டிரைடு எல்லாம் சிலருக்கு இந்த வேலையைச் செய்யும். இதைப் படித்துவிட்டு யாரும் தானாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், தயவு செய்து. பிரஷர் மாத்திரையைத் திடீரென்று விட்டதால் பக்கவாதம் வந்து படுத்தவர்கள் உண்டு. மாற்று மருந்து ஏராளமாக இருக்கிறது, டாக்டரிடம் ஒரு வரி சொன்னால் மாற்றிக் கொடுப்பார். சொல்லாமல் ரகசியமாக நிறுத்துவதுதான் ஆபத்து, அதைத்தான் பலரும் செய்கிறார்கள்.

டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் இப்போது ஜிம் பக்கம் அதுதான் பேச்சு. அது குறைந்தால் முதலில் குறைவது ஆசை, விறைப்பு அப்புறம்தான். சந்தேகம் இருந்தால் காலையில், இரண்டு தனித்தனி நாளில் ரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும், சாயங்காலம் பார்த்தால் இயல்பாகவே குறைவாகக் காட்டும். உண்மையில் குறைவாக இருக்கிறவருக்கு மட்டும்தான் ஊசியோ ஜெல்லோ. சரியாக இருக்கிறவர் போட்டுக்கொண்டால் சொந்தச் சுரப்பும் விந்தணு உற்பத்தியும் படுத்துவிடும். இருபத்தெட்டு வயதுப் பையன் உடம்பு ஏற்ற ஊசி போட்டுக் கடைசியில் குழந்தைக்காக அலைகிற கொடுமை இதனால்தான்.

அப்படியானால் மனசுக்குப் பங்கே இல்லையா? நிறையவே இருக்கிறது, குறிப்பாக இளம் வயதில். கல்யாண வேலை, அலைச்சல், தூக்கமில்லை, முன்பின் பழகாத பெண், வெளியே கூடத்தில் சொந்தக்காரர்கள், இதற்கு நடுவில் முதல் இரவிலேயே எல்லாம் நடந்தாக வேண்டும் என்ற பயம். பயத்தில் சுரக்கிற அட்ரினலின் ரத்தக்குழாயை இறுக்குகிறது, அதாவது விறைப்புக்கு நேர் எதிரான வேலையைச் செய்கிறது. ஒருமுறை வரவில்லை என்றதும் அடுத்த முறை "வருமா வராதா" என்று தன்னையே கண்காணிக்க ஆரம்பிப்பான், அந்தக் கண்காணிப்பே வராமல் செய்துவிடும். இதைப் பிரித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆரோக்கியமான ஆணுக்குத் தூக்கத்தில், கனவு வரும் கட்டங்களில், ஒரு இரவில் மூன்றிலிருந்து ஐந்து முறை விறைப்பு வரும், காலையில் எழும்போது இருப்பது அதில் கடைசி. அது நன்றாக வருகிறது, தனியாக இருக்கும்போதும் வருகிறது, மனைவியோடு மட்டும் வரவில்லை, அதுவும் திடீரென்று ஆரம்பித்தது என்றால் குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். காலை விறைப்பும் சேர்ந்து மெல்ல மெல்லக் குறைந்தது என்றால் உடம்பைப் பார்க்க வேண்டும். நடுத்தர வயதில் பலருக்கு இரண்டும் கலந்தே இருக்கும். சர்க்கரையால் கொஞ்சம் குறையும், அந்தக் கவலையால் மீதியும் போகும்.

இளைஞர்களைப் பிடிக்கத்தான் பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரெல்லாம் போஸ்டர். மாதத்தில் இன்ன தேதி இன்ன ஊர் லாட்ஜ் என்று பரம்பரை வைத்தியர்கள் வருகிறார்கள். சுய இன்பத்தால் நரம்புத் தளர்ச்சி வந்துவிட்டது, இத்தனை சொட்டு ரத்தம் சேர்ந்துதான் ஒரு சொட்டு விந்து ஆகிறது, நீ எல்லாவற்றையும் வீணாக்கிவிட்டாய் என்று பயமுறுத்தி, அந்தப் பயத்துக்கு மருந்து விற்கிறார்கள். விந்து ரத்தத்தை வடித்து வருவது இல்லை. அதில் பெரும்பகுதி விந்துப்பையும் புராஸ்டேட் சுரப்பியும் சுரக்கும் நீர், உடம்பு அதைத் தினமும் செய்துகொண்டே இருக்கும். சுய இன்பத்தால் விறைப்புக் கோளாறு வருவதில்லை. விந்து போகிறதே என்ற கவலையால் உடம்பு வலி, சோர்வு, தூக்கமின்மை என்று ஆளே உருக்குலைவதை, என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் 1960இலேயே தனி நிலையாக அடையாளம் காட்டி "தாத் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்தார். அதாவது அந்தப் பையனுக்குச் சிகிச்சை தேவைதான், ஆனால் தேவைப்படுவது பயத்துக்கான சிகிச்சை. அவனுக்குக் கிடைப்பதோ மேலும் கொஞ்சம் பயமும் ஒரு டப்பா சூரணமும்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்லவில்லை, முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார்கள். நான் சொல்வது பெயரில்லாத பொட்டலங்களை. மூலிகை என்று விற்கப்படும் இந்த வகைப் பொருள்களில் சொல்லாமல் கொள்ளாமல் சில்டெனாஃபிலைக் கலந்திருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை திரும்பத் திரும்பப் பிடித்து அறிவித்திருக்கிறது. "சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வேலை செய்யுது" என்று யாராவது ஒரு சூரணத்தைப் புகழ்ந்தால் எனக்கு முதலில் வருவது அந்தச் சந்தேகம்தான். நெஞ்சு நோயாளி ஒருவர் மூலிகைதானே என்று அதைச் சாப்பிட்டுவிட்டு நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்தால் என்ன ஆகும் என்று மேலே சொன்னதைச் சேர்த்துப் பாருங்கள். இந்த விளம்பரங்களே சட்டப்படி குற்றம், 1954ஆம் வருடத்து மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தில் ஆண்மைக் குறைவும் சர்க்கரையும் இருக்கின்றன, இவற்றைக் குணப்படுத்துவேன் என்று விளம்பரம் செய்யவே கூடாது. எழுபது வருடமாகச் சட்டம் இருக்கிறது, சுவரில் போஸ்டரும் இருக்கிறது.

குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனையும் இந்த இடத்திலேயே சொல்லிவிட வேண்டும். ஆண் செய்துகொண்டால் "அது" போய்விடும் என்ற நம்பிக்கை ஊருக்கு ஊர் இருக்கிறது. அந்த ஆபரேஷனில் கட்டுவது விந்தணு வரும் குழாயை மட்டும். விறைப்புக்கான ரத்தக்குழாய், நரம்பு, ஹார்மோன் எதிலும் கை வைப்பதில்லை. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில் ஆண் கருத்தடை ஆபரேஷனை நம்பியிருக்கிற தம்பதிகள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை, 0.3 சதவீதம். கருத்தடை ஆபரேஷன் செய்துகொள்கிற மற்ற அத்தனை பேரும் பெண்கள். ஒரு பொய்யான பயத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

வயதாகிவிட்டது என்று விட்டுவிடுகிறவர்களுக்கும் ஒரு கணக்கு. 1987க்கும் 1989க்கும் நடுவில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் 40 முதல் 70 வயது வரையான 1,290 ஆண்களிடம் எடுத்த பெரிய ஆய்வில் ஏதாவது ஒரு அளவில் இந்தக் கோளாறு இருந்தவர்கள் 52 சதவீதம். அதாவது பாதிக்குப் பாதி. ஆனால் முழுக்கவே விறைப்பு வராதவர்கள் பத்தில் ஒருவர்தான், எழுபது வயதுக்காரர்களிலேயே அது சுமார் 15 சதவீதம். வயது காரணம்தான், ஆனால் வயதோடு சேர்ந்து வருகிற சர்க்கரை, இதய நோய், பிரஷர், புகை ஆகியவற்றுக்கு அதில் பெரிய பங்கு.

சிகிச்சை என்று வந்தால் முதல் படி எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் இதற்கு அது உண்மையிலேயே வேலை செய்யும் என்பது தெரியாது. இத்தாலியில் குண்டான 110 ஆண்களை இரண்டு குழுவாகப் பிரித்து ஒரு குழுவுக்குச் சாப்பாட்டிலும் நடைப்பயிற்சியிலும் விடாமல் வழிகாட்டினார்கள். இரண்டு வருடத்தில் அந்தக் குழுவில் மூன்றில் ஒருவருக்கு மாத்திரை இல்லாமலேயே விறைப்பு சரியானது, 2004இல் வெளிவந்த ஆய்வு இது. புகையை விட்டாலும் குழாய் சுவாசிக்க ஆரம்பிக்கும். குடி கொஞ்சம் கூச்சத்தைப் போக்கும், நிறையக் குடித்தால் விறைப்பையும் போக்கும், வருடக் கணக்கில் குடித்தால் நரம்பையும் கல்லீரலையும் சேர்த்து.

மாத்திரை தேவைப்பட்டால் அதைச் சரியாகச் சாப்பிட வேண்டும். "எனக்குக் கேட்கலை" என்பவர்களில் ஒரு பகுதியினர் பிரியாணி சாப்பிட்டுவிட்டு உடனே சில்டெனாஃபில் போட்டவர்கள், கொழுப்பான சாப்பாடு அது ரத்தத்தில் சேர்வதைத் தாமதமாக்கும். ஒரு மணி நேரம் முன்னால் எடுக்க வேண்டும். எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது, ஆசை வந்து நரம்பு வேலை செய்தால்தான் மாத்திரைக்கு வேலை. ஒருநாள் போட்டுப் பார்த்துவிட்டுக் கைவிடுவதும் தப்பு, பல நாள் இடைவெளியில் நாலைந்து தடவையாவது பார்த்துத்தான், அளவை மாற்றித்தான், டாக்டர் முடிவு செய்வார். தலைவலி, முகம் சிவப்பது, மூக்கடைப்பு சகஜம். நான்கு மணி நேரத்துக்கு மேல் விறைப்பு இறங்கவில்லை என்றால் அது பெருமை இல்லை, அவசர சிகிச்சை, உடனே ஆஸ்பத்திரி போகாவிட்டால் உள்ளே திசு செத்துவிடும்.

மாத்திரை கேட்காதவர்களுக்கும், புராஸ்டேட் புற்றுநோய் ஆபரேஷனில் நரம்பு போனவர்களுக்கும், தண்டுவடம் அடிபட்டவர்களுக்கும் வழி இருக்கிறது. காற்றை உறிஞ்சி ரத்தத்தை இழுக்கிற வாக்குவம் கருவி, பிரிண்ட்லி காட்டிய வழியில் இன்று அல்ப்ரோஸ்டடில் ஊசி, கடைசியாக உள்ளே பொருத்துகிற செயற்கைத் தண்டு. இந்த ஆபரேஷன் 1970களிலிருந்தே நடக்கிறது, தேர்ந்தவர் கையில் நன்றாக இருக்கும், ஆனால் அதற்கப்புறம் இயல்பான விறைப்புக்குத் திரும்ப முடியாது என்பதால் மற்ற எல்லாம் பார்த்த பிறகுதான் அது.

இதில் மனைவி எங்கே என்று கேட்பீர்கள். பல வீடுகளில் அவருக்கு எதுவும் சொல்லப்படுவதில்லை. கணவர் கூடத்தில் டிவி பார்த்தபடியே தூங்கிப்போவார், மனைவி தன் மேல் என்ன குறை என்று நினைப்பார், அல்லது வெளியே யாரோ இருக்கிறார்கள் என்று நினைப்பார். புதிதாகக் கல்யாணமானவர்களில் உறவே நடக்காமல், "விசேஷம் இல்லையா" என்ற கேள்வி தாங்காமல், கருத்தரிப்பு மையம் வரை போய், அந்தப் பெண்ணுக்கு ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எல்லாம் எடுத்து முடித்த பிறகு உண்மை வெளிவருவதும் நடக்கிறது. இருவரும் சேர்ந்து டாக்டரைப் பார்த்தால் பாதிப் பாரம் அந்த அறையிலேயே இறங்கிவிடும்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் தமிழ்நாட்டில் பிரஷர், சர்க்கரைக்கு வீட்டுக்கே வந்து மருந்து தருகிறார்கள், மிக நல்ல வேலை. ஆனால் வருகிறவர் பெரும்பாலும் பக்கத்துத் தெரு அக்காவாகவே இருப்பார், அவரிடம் எந்த ஆணும் இதைச் சொல்லப் போவதில்லை. ஆகவே டாக்டர்கள்தான் கேட்க வேண்டும். சர்க்கரை நோயாளியிடம் கண் பார்த்தாயா, பாதம் பார்த்தாயா என்று கேட்பது போலவே இதையும் கேட்டுவிட்டால் அவர் சொல்லிவிடுவார், கேட்காமல் அவராகச் சொல்வது அபூர்வம். கேட்கிற டாக்டர் கிடைக்காதவர்களுக்காக, என்ன சொல்வது என்று எழுதியே தருகிறேன்.

"டாக்டர், ஆறு மாசமா விறைப்பு சரியா வர்றதில்லை. காலையிலயும் வர்றதில்லை." இவ்வளவுதான். காலையில் வருகிறது என்றால் அதைச் சொல்லுங்கள். யூராலஜி டாக்டர் என்றில்லை, வழக்கமாகப் பார்க்கிற பொது மருத்துவரோ சர்க்கரை டாக்டரோ போதும், தேவைப்பட்டால் அவரே அனுப்புவார். அவர் பிரஷர் பார்ப்பார், இடுப்பளவு பார்ப்பார், வெறும் வயிற்றுச் சர்க்கரை, மூன்று மாதச் சராசரி, கொழுப்பு எழுதித் தருவார், சந்தேகம் இருந்தால் டெஸ்டோஸ்டிரோனும் இசிஜியும். இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுகுகிறதா என்று கேட்பார், உடலுறவுக்கு இதயம் தாங்குமா என்று கணிக்க அது ஒரு அளவுகோல், மறைக்காமல் சொல்லுங்கள். சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் ஸ்ட்ரிப்பையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள், முடிக்குப் போடுவது, ஜிம்மில் கொடுத்தது, லாட்ஜில் வாங்கிய சூரணம் உட்பட. நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை இருந்தால் அதை எல்லாவற்றுக்கும் முன்னால் எடுத்து மேசை மேல் வையுங்கள்.